லிஸ்டீரியாவை உள்ளிருந்து உடைக்கும் கடிகாரம்

"சாப்பிடும் இறைச்சியின் மேல் வைரஸைத் தெளிக்கிறார்களாமே, நமக்கு ஒன்றும் ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆகாது. தெளிப்பது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ். பாக்டீரியாவின் செல்சுவரில் தனக்கேற்ற மூலக்கூறை அதன் வால் பற்றினால்தான் வேலையே தொடங்கும். நம் செல்களுக்குச் செல்சுவரே கிடையாது.

குறி, லிஸ்டீரியா. ஃபிரிட்ஜின் 4 டிகிரி குளிரிலும் பெருகும் கிருமி இது. சமைத்தால் செத்துவிடும்; ஆனால் சமைத்த இறைச்சியை வெட்டி அடைக்கும்போது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பொலோனி என்ற இறைச்சிப் பண்டம் வழியே பரவி 200 பேருக்கு மேல் பலிகொண்டது.

ஃபேஜ் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. பாக்டீரியா ஃபேஜ்களைத் தயாரிக்கும் பட்டறையாகிறது. இனி நடப்பதுதான் அழகு. ஹோலின் என்ற புரதம் செல்சவ்வில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். அதுவரை சவ்வுக்கு ஒரு குறையும் இல்லை. குறித்த நிமிடம் வந்ததும் ஹோலின்கள் ஒன்றுகூடிச் சவ்வில் ஓட்டை போடுகின்றன. உள்ளே காத்திருந்த எண்டோலைசின் என்ற நொதி அதன் வழியே சுவரை அடைந்து அறுக்கிறது. உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. ஹோலின் அவசரப்பட்டால் உள்ளே ஃபேஜ் குஞ்சுகள் தேறியிருக்காது. தாமதித்தால் அடுத்த இரை கைநழுவும். அந்த நேரக்கணக்கு ஹோலினின் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

எல்லா ஃபேஜும் உதவாது. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதையும், கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் 1896இல் பாக்டீரியா ஆய்வாளர் ஹேங்கின் எழுதினார். அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னாளில் கருதினார்கள். இதை ஆற்றின் புனிதத்துக்குச் சான்றாகச் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. காலராக் கிருமிக்கு நஞ்சு மரபணுவைக் கொடுத்ததும் ஒரு ஃபேஜ்தான். அதனால் உணவுக்கான ஃபேஜின் மரபணுவை முழுதாக வாசித்து, நஞ்சு மரபணு இல்லாததை, கிருமிக்குள் பதுங்காமல் கொன்றே தீர்க்கும் வகையை மட்டும் எடுக்கிறார்கள்.

அமெரிக்கா 2006இல் அனுமதித்த கலவையில் ஆறு ஃபேஜ்கள். ஒன்றின் பிடியிலிருந்து தப்பக் கிருமி தன் சுவரை மாற்றிக்கொண்டாலும் மற்றொன்று பிடித்துவிடும். அடைப்பதற்குச் சற்று முன், 25 செ.மீ.க்கு 20 செ.மீ. பரப்புக்கு 1 மில்லிக்கு மிகாமல் தெளிக்க வேண்டும். ஃபேஜால் நீந்த முடியாது. கிருமியோடு தற்செயலாக மோதினால்தான் உண்டு. கிருமி கொஞ்சம்தானே என்று அளவைக் குறைத்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. தெளிப்பு படாத மடிப்பில் கிருமி பிழைத்துக்கொள்ளும். தளவாடத்தைக் கழுவிய குளோரின் மிச்சமிருந்தால் ஃபேஜே அழிந்துவிடும்.