சொல் விளக்கம்: ஜஸ்ட் இன் டைம் அடாப்டிவ் இன்டர்வென்ஷன்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ‘ஜஸ்ட் இன் டைம்’ புதிய சொல் அல்ல. உதிரிபாகங்களை வாங்கிக் குவிக்காமல், அசெம்பிளி லைனுக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வரவழைக்கும் முறை அது. ஜப்பானின் டொயோட்டாவில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. அதே சொல் பிறகு உடல்நல, மனநல ஆய்வுகளுக்கும் வந்து, பின்னால் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டது. ஒருவரின் அப்போதைய நிலையைப் பார்த்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய உதவியை, பெரும்பாலும் செல்போன் செயலி வழியாகத் தரும் முறையை அது குறிக்கிறது. இன்பால் நஹும்-ஷானி, சூசன் மர்ஃபி உள்ளிட்ட ஆய்வாளர்கள் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை இதன் கூறுகளை விளக்குகிறது.

மனநிலை ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஆலோசகரிடம் போகும் நாளில் அதெல்லாம் நினைவில் இருக்காது. அதனால் செயலி அவ்வப்போது ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறது. அனுமதி கொடுத்தால் தூக்கம், நடமாட்டத்தையும் கவனிக்கிறது. அதை வைத்து என்ன உதவி, எப்போது என்று முடிவெடுக்கிறது. இப்போதைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான்.

சிக்கலே அந்த ‘எப்போது’தான். நைட் ஷிஃப்டில் இருப்பவர் மெஷின் முன்னால் நிற்கும்போது வரும் மெசேஜைப் பார்க்க முடியாது. கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பும்போது வந்தால் ஒரு மூச்சுப்பயிற்சியாவது செய்து பார்ப்பார். பகலில் தூங்கும்போது வந்தால் செயலியையே தூக்கிவிடுவார். அப்புறம் இன்னொன்று: மனம் மிகவும் சோர்ந்திருக்கும்போதுதான் உதவி அதிகம் தேவை, ஆனால் அப்போதுதான் போனை எடுக்கவே தோன்றாது. தேவையும் ஏற்கும் நிலையும் சேர்ந்து வரும் நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

சரி, தமிழில்? ‘இன்டர்வென்ஷன்’ என்பதைத் ‘தலையீடு’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் அடுத்தவர் விஷயத்தில் நுழைவதைத்தான் நாம் தலையீடு என்கிறோம். மனம் நொந்தவரிடம் அந்தச் சொல்லோடு போகக் கூடாது. ‘உதவி’ போதும். என் பரிந்துரை: தக்க தருணத் தகவமை உதவி. ‘தக்க’, ‘தகவு’ இரண்டுக்கும் ‘தகு’தான் வேர், நேரத்துக்குப் பொருந்துவதையும் ஆளுக்குப் பொருந்துவதையும் ஒரே வேர் சொல்லிவிடுகிறது. பேச்சில் ‘தக்க தருண உதவி’ என்று சுருக்கலாம்.

இந்தச் சொல் குறிப்பது அன்றாட ஏற்ற இறக்கங்களுக்கான துணையை மட்டுமே. உயிரை விடும் எண்ணம் வந்தால் எந்தச் செயலிக்காகவும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.