அகமதிப்பெண் குறைந்தால் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது

பாடத்திட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும், அதைப் படித்து முடிப்பவர் எதைச் செய்யக் கற்றிருப்பார் என்று சொல்லும் கற்றல் விளைவுகள் என்று ஐந்தாறு வரிகள் அச்சாகியிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு வலியுறுத்துவதாலும் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் குழு கேட்பதாலும் அறிவியல் துறைகள் அவற்றை எழுதி வைக்கின்றன; பிறகு துறையே அந்தப் பக்கத்தைப் புரட்டுவது அரிது.

மாணவர்தாம் புரட்ட வேண்டும். ‘தரம்பார்த்தல் முறையில் கரைசலின் செறிவைக் கண்டறிவார்’ என்று எழுதிவிட்டு, செய்முறைக்கான அகமதிப்பெண்ணை (கல்லூரியே போடும் மதிப்பெண்ணை) ரெக்கார்டு நோட்டின் அழகைப் பார்த்துப் போடும் துறைகள் உண்டு. எனக்குத் தெரிந்த வேதியியல் மாணவி ஒருவர் இதைக் கேட்கப் போய், துறைத் தலைவருக்கும் தேர்வுப் பிரிவுக்கும் இடையே ஒரு மாதம் அலைந்தார். வாய்மொழியாகக் கேட்டதால் அவர் அலைந்ததற்குச் சான்றுகூட இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, வெளிப்படைத்தன்மையற்ற மதிப்பீடும் ஒரு குறையே. புகார் கிடைத்ததிலிருந்து கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாள்களில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லையெனில் 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: ‘மறுமதிப்பீடு செய்யுங்கள்’, ‘மீண்டும் திருத்தி மதிப்பெண் போடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் குறைதீர்ப்பாளர் அதை ஏற்கமாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ சுட்ட வேண்டும். ஆகவே அச்சிட்ட விளைவு எது, அறிவித்த மதிப்பெண் பகிர்வு எது, நடந்தது எது என்று மூன்றையும் அருகருகே எழுதுங்கள்.

பருவத் தேர்வின் விடைத்தாள் பல்கலைக்கழகத்திடம் இருந்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். திருத்திய விடைத்தாளும் தகவலே என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ‘ஏன் குறைத்தீர்கள்?’ என்று கேட்டால், விளக்கம் தரும் கடமை இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். நகலை மட்டும் கேளுங்கள். விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள் என்பதால், ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அந்த மேல்முறையீட்டைச் செய்யவும் 30 நாளே அவகாசம்.

எந்த மனுவையும் இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்ட பிறகே வெளியே வாருங்கள்.