கோச்சிங்: பயிற்சியா, பயில்துணையா?

அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் மனிதவளக் கையேடுகளிலும் இன்று தவறாமல் இடம்பெறும் சொல் கோச்சிங். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் குழுவினருக்குக் கோச்சிங் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அந்தக் கையேடுகள் சொல்லும்போது, தமிழில் அது பெரும்பாலும் ‘ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்’ என்று மாறிவிடுகிறது. அதைப் படிக்கும் மேலாளர் ஒரு வகுப்பறையையும் திரையையும் ஒருநாள் நிகழ்ச்சியையும் மனத்தில் காண்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் தம் கடமை முடிந்ததாக எண்ணுகிறார். மூலச்சொல் கேட்பதோ வேறொன்றை: ஊழியர் தாமே விடை காணும்படி வினவி அருகில் நிற்பதை. ஒரு சொல்லை மாற்றிப் பெயர்ப்பதால் ஒரு பணிமுறையே மாறிப்போகும் இடம் இது என்பதால், கோச் என்ற சொல் வந்த வழியையும், அதற்கு நம்மிடம் உள்ள சொற்களின் உள்ளீட்டையும் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

கோச் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். ஹங்கேரியின் வடமேற்கில், வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்குச் செல்லும் வழியில் அந்தச் சிற்றூர் இன்றும் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் பெயர்பெற்றவையாக இருந்தன. ‘கோச் ஊர் வண்டி’ என்று பொருள்படும் ஹங்கேரியத் தொடர் நாளடைவில் சுருங்கி, ஊர்ப்பெயரே வண்டியின் பெயராயிற்று. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் நுழைந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தையும் அடைந்தது. ஆளை ஓரிடத்திலிருந்து அவர் சேர விரும்பும் இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி என்பதே அதன் பொருள்.

வண்டி மனிதராக மாறியது ஆக்ஸ்ஃபோர்டில். 1830 வாக்கில் அங்கிருந்த மாணவர்கள், தங்களைத் தேர்வு என்ற கரையில் கொண்டு சேர்க்கும் தனி ஆசிரியரைக் கோச் என்று கொச்சையாக அழைக்கத் தொடங்கினார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில் சொல் விளையாட்டுக் களத்துக்குச் சென்று, ஆட்டக்காரரை உருவாக்குபவரைக் குறித்தது. தமிழிலும் இந்தப் படிகள் எல்லாம் எச்சமாக நிற்கின்றன. கோச்சு வண்டி என்று முன்னோர் சொன்னதில் முதல் பொருள் இருக்கிறது. ரயில் பெட்டியைக் கோச் என்பதில் அதன் நீட்சி இருக்கிறது. கோச்சிங் சென்டர் என்பதில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் பொருள் அப்படியே இருக்கிறது. அலுவலகக் கோச்சிங்கைத் தமிழ்க் காது தவறாகக் கேட்பதற்கு இந்தக் கடைசிச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு வேண்டியதை நெருக்கித் திணித்துத் தருவதே கோச்சிங் என்று பழகிய காதுக்கு, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் கோச்சிங் என்றால் உடனே பிடிபடாது.

இந்தப் புதிய பொருள் பணியிடத்துக்கு வந்ததற்கும் விளையாட்டுக் களமே வாயில். அமெரிக்காவில் டென்னிஸ் கற்றுத்தந்த டிமொதி கால்வே, 1974இல் வெளியிட்ட நூலில் ஒரு எளிய கண்டறிதலை எழுதினார். ‘பந்தைப் பார், மணிக்கட்டை இறுக்கு’ என்று கட்டளைகளை அடுக்கும்போது ஆடுபவரின் உடல் விறைத்துப்போகிறது. பந்து தரையில் படும் கணத்தையும் மட்டையில் படும் கணத்தையும் அவரே வாய்விட்டுச் சொல்லும்படி விட்டால், கவனம் தானாகப் பந்தின்மேல் குவிந்து ஆட்டம் திருந்துகிறது. இந்தக் கருத்தை நிறுவன மேலாளர்களிடம் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். 1992இல் வந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அவர் முன்னாளில் கார்ப் பந்தய வீரர். வண்டியில் பிறந்த சொல்லுக்கு வண்டியோட்டி ஒருவரே புதுப்பொருள் பரப்பினார் என்பதைக் குறிப்பிடாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் அவர் தோழர்களும் பரப்பிய உரையாடல் முறையில் மேலாளர் நான்கைக் கேட்கிறார்: எதை அடைய விரும்புகிறீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் தெரிகின்றன, எதைச் செய்யப்போகிறீர்கள். நான்குமே கேள்விகள், விடைகள் எல்லாம் ஊழியருடையவை.

கோச்சுடன் சேர்த்துப் புழங்கும் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். டிரெயினிங் என்பதன் வேர், இழுத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினை. மேனேஜர் என்பதன் வேர், குதிரையைக் கையாளுதல் என்ற பொருளுடைய இத்தாலியச் சொல். அதனுள் கை என்ற லத்தீன் சொல் இருக்கிறது. மென்டார் என்பது ஹோமரின் ஒடிசியில் வரும் ஒரு முதியவரின் பெயர். போருக்குப் புறப்பட்ட ஒடிசியூஸ் தன் வீட்டை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றான். மகனுக்கு வழிசொல்ல வந்த ஏதீனா தேவியும் அவர் உருவில்தான் வந்தாள். இழுப்பவர், கையாள்பவர், முன்நின்று அறிவுரைப்பவர் என்ற மூவரிடையே, ஏறியவர் சொன்ன ஊருக்குச் செல்லும் வண்டி கோச் மட்டுமே.

இனி தமிழ்ப் பக்கம். பயிற்சி என்ற சொல்லை நான் குறைத்து மதிக்கவில்லை. அதன் வேராகிய ‘பயில்’ மிக ஆழமான சொல். இன்று அதற்குக் கற்றல் என்ற பொருளே முன்நிற்கிறது. பழைய தமிழில் நெருங்குதல், செறிதல், திரும்பத் திரும்பப் பழகுதல் என்ற பொருள்கள் முன்நின்றன. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்று தலைவியைப் பற்றித் தலைவன் சொல்லும்போது அங்கே பாடமும் இல்லை, வகுப்பும் இல்லை. பழகப்பழக நெருங்கிய உறவு இருக்கிறது. வள்ளுவர் ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்று எழுதிய குறளில், கற்பதற்கு நவில்தல் என்றும், நல்லோருடன் பழகுவதற்குப் பயில்தல் என்றும் இரு வினைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறார். ஆகவே பயில் என்ற வேருக்குள் அருகிருத்தலும் அடுத்தடுத்துச் செய்தலும் சேர்ந்தே உள்ளன.

சிக்கல் வேரில் இல்லை, அதன் பிறவினை வடிவத்தில் இருக்கிறது. அகல் என்பது அகற்று என்றும், சுழல் என்பது சுழற்று என்றும் ஆவதுபோல, பயில் என்பது பயிற்று என்றாகிறது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பயில்பவர் தாமே செய்கிறார். பயிற்றுபவர் பிறரைச் செய்யவைக்கிறார். பயிற்றுநர், பயிற்றுவிப்பாளர், பயிற்சி அளித்தல் ஆகிய சொற்கள் எல்லாம் பிறவினைப் பக்கத்தில் நிற்பவை. அவற்றில் செயலின் எழுவாய் கற்றுத்தருபவர். கோச்சிங் என்ற பணியிடப் பொருளிலோ எழுவாய் ஊழியர். மேலாளர் அந்தத் தன்வினைக்கு அருகில் நிற்பவர். இலக்கணத்தின் இந்தச் சிறு வேறுபாடு அலுவலக மேசையில் எவ்வளவு பெரிதாகிறது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு குழுவுக்கு நான் பொறுப்பேற்றிருந்த காலத்தில், ஓர் இளம் ஊழியரின் மாத இறுதி அறிக்கை தொடர்ந்து தாமதமாக வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு மாதமும் நான் செய்தது பயிற்றுதல். எந்தத் தாளை முதலில் திறப்பது, எந்தச் சூத்திரத்தை எங்கே இடுவது என்று அருகில் உட்கார்ந்து காட்டினேன், அவர் தலையசைத்தார், மூன்றாம் மாதமும் அறிக்கை தாமதமாகவே வந்தது. அப்போதுதான், ‘இதை எந்த வரிசைல செய்றீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே சொன்னார். நான்காம் விரலில் நின்று, ‘இந்த ஒரு எண்ணிக்கை வர்றதுக்குத்தான் சார் மூணு நாள் ஆகுது’ என்றார். அந்த எண்ணிக்கை வேறொரு துறையிலிருந்து வர வேண்டியது. என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டேன். மடக்கிய விரலைப் பார்த்தபடியே நெடுநேரம் இருந்துவிட்டு, ‘நானே அவங்களுக்கு நேரா போன் பண்ணிக் கேக்கலாமா சார்?’ என்றார். அவருக்குச் சூத்திரம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இன்னொரு துறையின் பொறுப்பாளரிடம் நேரே பேசும் உரிமை தமக்கு உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு மாதமாக அவருக்கு நான் பயிற்றியது அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை.

உரிமை என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே ஆள்கிறேன், ஏனெனில் அது குறளில் இதே இடத்தில் இருக்கிறது. தெரிந்துவினையாடல் அதிகாரத்தில், ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்று ஆய்ந்து பணியை ஒருவனிடம் விடச் சொல்லும் 517ஆம் குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்த குறளை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை: ‘வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்.’ தகுந்தவன் என்று கண்டு தேர்ந்தெடுத்ததோடு தலைவனின் வேலை முடியவில்லை. அவனை அந்த வினைக்கு உரியவனாக ஆக்கவும் வேண்டும். அந்த வினையைத் தானே செய்து முடிக்கும் ஆற்றலுடையவனாக்குவது என்ற பொருளில்தான் பரிமேலழகரும் இதை விளக்குகிறார். கோச்சிங் பற்றி இன்று எழுதப்படும் வரையறைகளில் இதைவிடச் சுருக்கமும் தெளிவும் உள்ள ஒன்றை நான் படித்ததில்லை.

அப்படியானால் ஈடான சொல் எது? வழிகாட்டல் என்ற சொல்லைச் சிலர் ஆள்கிறார்கள். வழி தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று அது கொள்வதால், மென்டார் செய்வதற்கே அது பொருந்தும். அதனினும் அழகான சொல் ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி; வள்ளலிடம் பெருவளம் பெற்றுத் திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ, இன்னும் பெறாதவனை எதிர்ப்பட்டுத் தான் சென்ற வழியைச் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை; பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகை. தான் நடந்த பாதையைச் சொல்வதே அதன் உயிர் என்பதால் அதுவும் மென்டாருக்கே உரியது. மேலும் உளநல ஆலோசனைக்கு அச்சொல் இன்று நிலைபெற்றுவிட்டது; அதை அங்கிருந்து பெயர்ப்பது முறையாகாது. ஊக்குவித்தல் என்பதும் போதாது. உற்சாகம் ஊட்டுவது ஒரு பகுதி மட்டுமே.

நான் முன்வைக்கும் சொல் பயில்துணை. உளவளத்துணை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அமைப்பு நமக்குப் புதிதன்று. பயிற்று என்ற பிறவினையை விட்டுப் பயில் என்ற தன்வினையை வைத்திருப்பதால், செயல் ஊழியரிடமே இருக்கிறது. துணை என்ற சொல் மேலாளர் நிற்க வேண்டிய இடத்தைச் சரியாகக் குறிக்கிறது. வினைத்தொகையாதலால் பயின்ற, பயில்கின்ற, பயிலும் என மூன்று காலத்தையும் தாங்கும். செய்பவரைப் பயில்துணைவர் எனலாம்; பயில்துணையாதல், பயில்துணை அளித்தல் என வினையாகவும் வழங்கலாம்.

இந்தத் திறனை மேலாளர் எவ்வாறு வளர்த்துக்கொள்வது என்பதற்கும் மொழி ஒரு குறிப்புத் தருகிறது. கோச்சிங் வகுப்புகள் எல்லாம் இரண்டு திறன்களை முதன்மையாகச் சொல்கின்றன: கூர்ந்து செவிமடுப்பது, நல்ல வினா எழுப்புவது. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான்: கேள். ‘அவரிடம் கேட்டேன்’ என்றால் வினவினேன். ‘அவர் சொன்னதைக் கேட்டேன்’ என்றால் செவிகொடுத்தேன். பெயராக நிற்கும்போது அதே கேள் உறவையும் நட்பையும் குறிக்கிறது. கேளிர், கேண்மை என்பவற்றில் இருப்பது அதுவே. இந்த மூன்றையும் பிரித்துப் பழகும் மேலாளரைவிட ஒன்றாகப் பழகுபவர் விரைவில் தேறுகிறார் என்பது நான் கண்டது. வினவிவிட்டு விடைக்குக் காத்திராதவர் பாதிதான் கேட்டிருக்கிறார். வினாவுக்குள்ளேயே தம் விடையை வைத்து, ‘முன்கூட்டியே தொடங்கியிருக்கலாமே?’ என்பவர் கேட்கவே இல்லை.

எல்லா நேரத்திலும் இதுவே முறை என்று சொல்லிவிடக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவரிடம் ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது’ என்று கேட்பது அவரைத் தவிக்கவிடுவதாகும். பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969 முதல் வகுத்துவந்த தலைமைக் கோட்பாடு, ஊழியரின் முதிர்ச்சிக்கேற்பத் தலைவர் தம் முறையை மாற்ற வேண்டும் என்பதே. புதியவருக்குப் பயிற்சி, அடிப்படை தெரிந்தவருக்குப் பயில்துணை, தேர்ந்தவரிடம் ‘அதனை அவன்கண் விடல்’.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் என்கேஜ்மென்ட். அதற்கு ஈடுபாடு என்பது நல்ல பெயர்ப்பு. மூலச்சொல்லின் உள்ளே பிணையாக வைக்கும் பொருள் என்ற பழைய பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. தமிழில் ஈடு என்பதற்கும் அடைமானம் என்ற பொருள் உண்டு. இரண்டுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தன்னையே ஒரு வேலையில் வைத்துவிடுதல் என்ற உணர்வு இரண்டிலும் ஒலிக்கிறது. பணியிட ஈடுபாட்டை முதலில் ஆழ்ந்து ஆராய்ந்த வில்லியம் கான், 1990இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு மூன்று நிலைமைகளைக் கண்டார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பது, தன்னை வெளிப்படுத்த அஞ்ச வேண்டாத சூழல், அதற்கு வேண்டிய உடல் உள வலிமை கைவசம் இருப்பது. இங்கும் இலக்கணம் உதவுகிறது. ஈடுபடு தன்வினை, ஈடுபடுத்து பிறவினை. ‘ஊழியர்களை ஈடுபடுத்துதல்’ என்று எழுதினால் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைப்பதுபோல் ஆகிறது; ‘ஊழியர்கள் ஈடுபடும் நிலையை உருவாக்குதல்’ என்றால் கான் சொன்னது கிடைக்கிறது.

வழக்கில் இவற்றை இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம். ஆடுகளத்தில் இருப்பவர் பயிற்றுநர் அல்லது பயிற்சியாளர். அது நிலைத்த வழக்கு, தொட வேண்டாம். தேர்வுக்கான கோச்சிங்குக்குப் பயிற்சி வகுப்பு போதும். மென்டாருக்கு வழிகாட்டி. மேலாளர் ஊழியரோடு நடத்தும் உரையாடலுக்குப் பயில்துணை. ‘புதிய மென்பொருளில் குழுவினருக்குப் பயிற்சி அளித்தோம், பின்னர் மூன்று மாதம் அவரவர் மேலாளர் பயில்துணையாக இருந்தார்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால், முற்பாதியில் நடந்தது வேறு, பிற்பாதியில் நடந்தது வேறு என்பது படிப்பவருக்கு விளக்கமின்றியே தெரிந்துவிடும்.