சி-பெப்டைடு எங்கிருந்து வருகிறது?

சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு டாக்டர் 'சி-பெப்டைடு' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். பெயரைக் கேட்டால் ஏதோ வைட்டமின் போல இருக்கும். உண்மையில் அது ஒரு வெட்டுத்துண்டு. தையற்கடையில் சட்டை தைத்த பிறகு மிஞ்சும் துணி மாதிரி, கணையத்தில் இன்சுலின் தயாரான பிறகு மிஞ்சுவது. கடை வாசலில் கிடக்கும் துண்டுத்துணியை எண்ணி, உள்ளே எத்தனை சட்டை தைத்தார்கள் என்று கணக்குப் போடுவதுதான் அந்தப் பரிசோதனை.

அந்தத் துண்டு எங்கே வெட்டப்படுகிறது என்று தேடிப் போனால், ஒரு செல்லின் முக்கியமான பாகங்கள் எல்லாவற்றையும் வழியிலேயே பார்த்துவிடலாம். பள்ளியில் நாம் படித்தது வேறு மாதிரி. ஒரு வட்டம், நடுவில் உட்கரு, பக்கத்தில் அவரை விதை போல மைட்டோகாண்ட்ரியா, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் மதிப்பெண். அந்தப் படத்தில் எதுவும் அசையாது. யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதும் தெரியாது.

இன்சுலினைச் சுரப்பவை கணையத்தின் பீட்டா செல்கள். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. இன்சுலினுக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உங்கள் தோல் செல்லிலும் அதே மரபணு உண்டு. அங்கே அது மூடியே கிடக்கும். பீட்டா செல்தான் அதைத் திறந்து படிக்கிறது. டி.என்.ஏ உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் மூலப் பதிவேட்டை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள், நகல்தான் கிடைக்கும் இல்லையா, அது மாதிரி ஆர்.என்.ஏ என்ற நகல் மட்டும் உட்கருச் சவ்வின் துளை வழியாக வெளியே போகிறது.

நகலைப் பிடித்துக்கொள்வது ரைபோசோம். மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். மொத்தம் 110 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அதில் முதல் 24 இன்சுலினே அல்ல, வெறும் விலாசம்: 'என்னை எண்டோபிளாச வலைக்குள் அனுப்பு' என்பது அதன் பொருள். செல்லுக்குள் சவ்வால் பின்னிய அறைகள்தான் அந்த வலை. புரதங்களிலேயே இப்படி விலாசம் எழுதியிருக்கிறது என்று காட்டியதற்காகத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலி வலைக்குள் நுழையும்போதே அந்த 24 கண்ணியும் வெட்டி எறியப்படுகிறது. மிச்சம் 86.

எண்டோபிளாச வலைக்குள் நடப்பது மடிப்பு வேலை. இன்சுலினில் ஏ, பி என்று இரண்டு சங்கிலிகள் உண்டு. அவை சரியான இடத்தில் சந்தித்து மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்து, அவற்றைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்வது யார் என்றால், நம் சி-பெப்டைடு. அதை வெட்டுத்துணி என்று சொன்னது கொஞ்சம் அநியாயம்தான். தைத்து முடிக்கும்வரை துணி நகராமல் இருக்கப் போடும் ஓட்டுத்தையல் என்பதே சரி. தப்பாக மடிந்த சங்கிலியை வலை வெளியே தள்ளிவிடும், அது சிதைக்கப்பட்டுவிடும்.

இங்கிருந்து சிறு பைகளில் ஏறி கோல்கை உறுப்புக்குப் போக வேண்டும். 1898-இல் கமிலோ கோல்கி வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி இதைப் பார்த்தார். 'சாயம் செய்த கோளாறு, அப்படி ஒரு உறுப்பே கிடையாது' என்று சந்தேகித்தவர்கள் நிறைய. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1950-களில்தான் சண்டை ஓய்ந்தது. சரி, உறுப்பு இருக்கிறது, அதன் வழியாகச் சரக்கு போகிறதா? 1960-களில் ஜார்ஜ் பலாடியும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப் பன்றியின் கணையத்தில், செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை மிகச் சிறிது நேரம் மட்டும் ஊட்டினார்கள். 3 நிமிடத்தில் கதிரியக்கம் எண்டோபிளாச வலையில் இருந்தது. சுமார் 20 நிமிடத்தில் கோல்கையில். 2 மணி நேரத்தில் செல்லின் விளிம்பில். அசையாத படங்களிலிருந்தே ஓட்டத்தைக் கண்டுபிடித்த இந்தச் சோதனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கோல்கையின் கடைசி அடுக்கில் சரக்கு, குருணைகள் என்ற சிறு பைகளில் கட்டப்படுகிறது. வெட்டு நடப்பது அந்தக் குருணைக்குள்தான். நொதிகள் 31 கண்ணி கொண்ட சி-பெப்டைடை நறுக்கி எடுத்தால் (வெட்டும் இடங்களில் இன்னும் 4 கண்ணிகள் உதிரும்), 51 கண்ணி கொண்ட இன்சுலின் தயார். வெட்டிய துண்டு வெளியே போக வழியில்லை. இன்சுலினோடு அதே பைக்குள் கிடக்கிறது.

ஒரு பீட்டா செல்லில் இப்படிச் சுமார் 10,000 குருணைகள் காத்திருக்கும். எல்லாம் விற்றுப்போவதில்லை. பழசானவற்றை லைசோசோம் கரைத்துவிடும். பாடப்புத்தகம் இதைத் 'தற்கொலைப் பை' என்று பயமுறுத்தும். தினசரி வேலை என்னவோ பழைய சாமான் கடை வேலைதான். இதைக் கண்டுபிடித்த கிறிஸ்டியான் டி டுவே, இன்சுலின் கல்லீரலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் புறப்பட்டார். அரைத்த எலிக் கல்லீரலில் ஒரு நொதியின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் சில நாள் வைத்துவிட்டுத் திரும்ப அளந்தால், ஏறியிருந்தது! நொதி ஒரு பைக்குள் அடைபட்டிருந்திருக்கிறது. நாளானதும் பை கிழிந்துவிட்டது. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974-இல் பலாடிக்கும் இவருக்கும் ஆல்பர்ட் கிளாடுக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

அப்புறம், குருணைகளை எப்போது திறப்பது? இங்கேதான் மைட்டோகாண்ட்ரியா வருகிறது. 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்ற ஒரு வரியோடு அதை விட்டுவிடுகிறோம். பீட்டா செல்லில் அது சர்க்கரை மீட்டரும்கூட. சாப்பிட்டதும் குளுக்கோஸ் செல்லுக்குள் வருகிறது; மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி செய்கிறது. ஏ.டி.பி ஏறியதும் செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாசல்கள் மூடுகின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் குருணைகள் சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து கொட்டுகின்றன. சர்க்கரைக்குப் பலர் விழுங்கும் கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் மூடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அம்மா வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் ஒன்றும் உண்டு. கூடவே காதும் மந்தமாகும்.

கொட்டும்போது இன்சுலினும் சி-பெப்டைடும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தத்துக்குப் போகின்றன. இன்சுலினில் பாதியளவைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும்; மீதியும் சில நிமிடங்களில் குறைந்துவிடும். சி-பெப்டைடைக் கல்லீரல் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அது பாதியாகக் குறையவே அரை மணி நேரம் ஆகும். ஊசியில் வரும் இன்சுலின் மருந்தில் இந்தத் துண்டு கிடையாது. அதனால் தினமும் ஊசி போட்டுக்கொள்பவரின் ரத்தத்தில் சி-பெப்டைடு தென்பட்டால், அது அவருடைய சொந்த பீட்டா செல்கள் வெட்டி அனுப்பியதுதான்.