ரஃப் நோட்டை அனுப்புங்கள்: கிணற்றடியில் தொடங்கும் பன்னாட்டு அறிவியல்

பள்ளிகளில் பன்னாட்டு ஆய்வுக் கூட்டுறவு என்றாலே ஒரு பெரிய திரை, அதில் வெளிநாட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் கையசைக்கும் நம் பிள்ளைகள், கடைசியில் ஒரு குழுப் படம். பல இடங்களில் அதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அளந்த எண்கள் அங்கே போக வேண்டும், அங்கே அளந்தவை இங்கே வர வேண்டும், இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளியாக வைக்க முடிய வேண்டும். அதற்குத்தான் கூட்டுறவு என்று பெயர்.

கடலூரில் கேள்விக்குப் பஞ்சமில்லை. கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணி ஊறுகிறது, கடலை விட்டுத் தள்ளி உப்பனாற்றை ஒட்டியிருக்கும் கிணறு மட்டும் ஏன் கரிக்கிறது என்று மீனவர் வீட்டுப் பிள்ளை கேட்கும். ஆசிரியருக்கு விடை நாக்கு நுனியில் இருக்கும். அதை அப்போது சொல்லிவிட்டால் அன்றைக்கே ஆய்வு முடிந்துபோகும்.

அந்தக் கேள்வியை அளக்கக்கூடியதாகச் சுருக்குவதுதான் முதல் வேலை. "தண்ணி ஏன் உப்பாச்சு?" என்பதை அளக்க முடியாது. "உப்பனாற்றிலிருந்து தூரம் கூடக் கூடக் கிணற்று நீரின் மின்கடத்துத்திறன் குறைகிறதா?" என்பதை அளக்கலாம். மின்கடத்துத்திறன் என்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற அளவு, உப்பு கூடினால் அதுவும் கூடும். நம்மிடம் இருக்கும் கருவியால் அளக்க முடியுமா, சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருக்கிறதா, விடை 'இல்லை' என்று வரவும் வாய்ப்பு உண்டா என்ற மூன்றையும் பிள்ளைகளே விவாதித்து முடிவு செய்யட்டும். மூன்றாவதை விட்டுவிடக் கூடாது. விடை முன்பே தெரிந்த கேள்விக்குச் செய்வது வெறும் செய்முறைப் பயிற்சி.

12 கிணறுகள் போதும். பை கொள்ளும் சிறிய மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று, வெப்பமானி, மூடியுள்ள அரை லிட்டர் பாட்டில்கள், 50 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சு எதற்கு என்றால், மழை பெய்த மறுநாள் கிணற்றின் மேல்நீரை மட்டும் மொண்டால் உப்பு குறைவாகக் காட்டும். எத்தனையாவது முடிச்சு வரை வாளி இறங்கியது என்பதும் நோட்டில் ஏற வேண்டும். அடிபம்பு என்றால் சில நிமிடம் அடித்து, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகே பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். மீட்டரின் முனையில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு குறைந்துவிடும். லேசாகத் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பாட்டிலை மூன்று பிள்ளைகள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக அளக்கட்டும்.

மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமை வாலை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்கினால், 25 டிகிரி செல்சியஸில் அதன் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ். பள்ளித் தராசு மூன்றாம் தசமம் காட்டாது. அதனால் 7.46 கிராம் எடை போட்டு 1 லிட்டர் கரைசல் செய்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். கேன் தண்ணியில் கலக்கக் கூடாது. அதிலேயே உப்பு இருக்கும்.

உப்பை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் பல பள்ளிகளில் உண்டு. அது உப்பை நேராக அளப்பதில்லை. கடத்துத்திறனை அளந்து ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் காரணி ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7. கடத்துத்திறன் 3,200 உள்ள ஒரே தண்ணீரை ஒன்று 1,600 என்றும் மற்றது 2,240 என்றும் சொல்லும். வேறு நீராதாரம் இல்லாதபோது குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 2,000. ஆக, ஒரு மீட்டர் தேர்ச்சி போட, இன்னொன்று தோல்வி போடும். இதைக் கவனிக்காமல் இரு நாட்டுப் பள்ளிகள் எண்களைப் பரிமாறினால், தண்ணீரில் இல்லாத வேறுபாட்டைக் கண்டுபிடித்து மகிழ்வார்கள். பெருக்காத கடத்துத்திறனையே பகிர வேண்டும், கூடவே தண்ணீரின் வெப்பநிலையையும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கடத்துத்திறன் ஏறும். 33 டிகிரியில் இருக்கும் நம் கிணற்று நீர், மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இல்லாவிட்டால், 25 டிகிரிக்குரிய அளவைவிட ஏறக்குறைய 16 சதவீதம் கூட்டிக் காட்டும்.

நம் வகுப்பறைகளின் பழைய வழக்கம் ஒன்றும் இங்கே குறுக்கே நிற்கும். ரஃப் நோட்டில் எழுதியதை அழகாக்கி ரெக்கார்டு நோட்டில் ஏற்றும்போது, 'ஒத்து வராத' எண்ணைப் பிள்ளைகள் சரிசெய்துவிடுகிறார்கள். புத்தக விடைக்கு நெருக்கமாக வந்தால்தான் மதிப்பெண் என்று அவர்களைப் பழக்கியிருக்கிறோம். 1,850, 1,870, 2,640 என்று மூன்று அளவு வந்தால் மூன்றாவதை ரப்பரால் அழித்துவிடுவார்கள். அழிக்க விடாதீர்கள். ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள்: "பாட்டில் அலசவில்லை." காரணம் தெரியாவிட்டால் அடிக்கவும் கூடாது, அந்த எண் அப்படியே இருக்கட்டும். வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியது இந்த ரஃப் நோட்டின் படத்தைத்தான்.

கூட்டாளியை எங்கே தேடுவது? மாணவர்கள் தம் ஊர்ச் சுற்றுச்சூழலை அளந்து பகிரும் பன்னாட்டுத் திட்டம் குளோப் (GLOBE). 1995இல் செயல்படத் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இந்தியா 2000இல் சேர்ந்தது. ஆசிரியர் அதன் பயிற்சியை முடித்தால் மாணவர்களின் அளவீடுகளை உலகப் பொதுத் தரவில் ஏற்றலாம். அதன் நீர் அளவீட்டு முறைகள் ஆறு, ஏரி போன்ற மேற்பரப்பு நீருக்கானவை, நம் கெடிலம் ஆற்றுக்குப் பொருந்தும். கிணற்று அளவுகளை ஒரு பள்ளியோடு நேரடியாகத்தான் பகிர வேண்டும். எங்கள் கருத்தில், இதே தொல்லை உள்ள ஊர்ப் பள்ளிதான் நல்ல கூட்டாளி. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் வறண்ட மாதங்களில் கடல்நீர் ஆற்றில் ஏறுகிறது. நேர வேறுபாடும் ஒன்றரை மணிதான், இரு பக்கமும் பள்ளி நேரத்திலேயே பேசலாம். அவர்களுடைய புத்தாண்டு விடுமுறையையும் நம் மழை விடுமுறைகளையும் தேர்வுகளையும் முதலிலேயே ஒரே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

அட்டவணையைத் தொடங்குமுன் இரு பள்ளியும் தலைப்புகளை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையே பாதுகாப்பு. அளக்காத நாளில் 0 போடக் கூடாது, கட்டம் காலியாக இருக்க வேண்டும். இடக்குறிப்பில் 11.75 வடக்கு, 79.77 கிழக்கு என்பது கடலூர். இரண்டையும் மாற்றி எழுதினால் நம் கிணறு வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்ட் தீவில் போய் விழும். வீட்டுக் கிணறு என்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, இடக்குறிப்பை இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள். துல்லியமான இடமும் தூரக் கணக்கும் பள்ளி நோட்டிலேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் பெயர் எங்கும் வேண்டாம். "குடிக்கலாமா?" என்று கேட்டால், இந்த மீட்டர் கிருமியையோ ஆலைக் கழிவையோ காட்டாது என்று பிள்ளைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் வரைபடம் வந்த பிறகு ஆசிரியர் பேசலாம். நன்னீர் உப்புநீரைவிட லேசானது, அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள். கடல் ஓதம் ஏறி இறங்கும் உப்பனாற்றின் கரையில் ஒரு கிணறு மட்டும் வரைபடக் கோட்டிலிருந்து விலகி நின்றால், "எந்த நேரத்தில் தண்ணீர் எடுத்தீர்கள், ஓதம் ஏறும்போதா இறங்கும்போதா?" என்று கூட்டாளிப் பள்ளியிலிருந்து கேள்வி வரும். ரஃப் நோட்டில் நேரம் எழுதியிருந்தால் பதில் சொல்லலாம். எழுதாவிட்டால், அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் மதியம் வரை மணிக்கு ஒரு பாட்டில் வீதம் ஏழு பாட்டில், அதே கிணறு, அதே முடிச்சு.