டாய்லி ஏன் மேசையில் படிய மறுக்கிறது?

குரோஷா நூலில் அன்னாசி டிசைன் டாய்லி, அதாவது மேசைமேல் விரிக்கும் வட்ட லேஸ் விரிப்பு, போடுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் ஏழெட்டுச் சுற்றுகள் அழகாக வரும். பிறகு ஓரம் அலையலையாக எழும்பத் தொடங்கும், அல்லது நடுப்பகுதி குழிந்து கிண்ணமாகிவிடும். பேட்டர்னை எடுத்து மறுபடி எண்ணினால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நம் கைக்கு இது வராது என்று முடிவுகட்டி, ஊசியோடு சேர்த்துச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டாய்லி தட்டையாக விழுவதும் விழாமல் போவதும் வட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டால், கோளாறு எந்தச் சுற்றில் தொடங்கியது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

வட்டத்தின் ஆரத்தை 6.28ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். டாய்லியில் ஒவ்வொரு சுற்று போடும்போதும் ஆரம் ஒரு பின்னலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆகவே சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, சுற்று சின்னதா பெரிதா என்பது பொருட்டே இல்லை என்பதுதான். இரண்டாம் சுற்றிலும் இருபதாம் சுற்றிலும் கூட வேண்டிய நீளம் ஒன்றே.

அமெரிக்கப் பேட்டர்ன்களில் சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். அதனால் சுற்றுக்கு ஆறு பின்னல் கூட்டினால் தட்டையாக வரும்: 6, 12, 18, 24, 30. ஆறுக்கும் 6.28க்கும் உள்ள சிறு வித்தியாசத்தை நூலின் நெகிழ்வு விழுங்கிவிடும். டபுள் குரோஷே அகலத்தைப் போல இரு மடங்கு உயரம். அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். பேட்டர்ன் எழுதியவர் இந்த எண்களைத் தம் கையில் வரும் பின்னலை வைத்துத்தான் முடிவு செய்திருப்பார். நம் பின்னலின் உயரம் வேறாக இருந்தால் அவருடைய எண்ணிக்கை நமக்குப் பொருந்தாது.

எவ்வளவு வேறுபட்டால் பிழையாகும்? ஒரு பின்னலின் அகலம் 3 மில்லிமீட்டர், உயரம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குத் தேவை சுமார் 37.7 மில்லிமீட்டர். பன்னிரண்டு பின்னல் கூட்டினால் 36 கிடைக்கும். நன்றாகப் படியும். இப்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் ஒருவருக்கு உயரம் 5 மில்லிமீட்டர்தான் வருகிறது என்றால், அவருக்குத் தேவை 31.4 மட்டுமே. அவரும் பேட்டர்ன்படி 36 தருகிறார். சுற்றுக்கு நாலரை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. பத்துச் சுற்று முடியும்போது ஓரத்தில் நாலரை சென்டிமீட்டர் அதிகப்படி நூல்வேலை நிற்கிறது. அதற்குப் போக இடமில்லாததால் மேலும் கீழுமாக நெளிகிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர் செய்த வேலை இது! முதல் சில சுற்றுகளில் எதுவும் தெரியாமல் போவதற்கும், ஏழெட்டுக்கு மேல் திடீரென்று தெரிவதற்கும் காரணம் இப்படிச் சேர்ந்துகொண்டே போவதுதான். தளர்வாகப் போடுகிறவருக்கு நேர்மாறாக நடக்கும். பின்னல் உயரமாகி, ஓரம் பற்றாமல், நடு குழியும்.

உயரத்தை முடிவு செய்வது, ஊசியைப் பின்னலுக்குள் விட்டு நூலை இழுத்ததும் அந்த முதல் கண்ணியை எவ்வளவு தூக்குகிறோம் என்பது. அகலத்தைப் பெரும்பாலும் ஊசியின் தண்டு தீர்மானிக்கிறது. அதனால்தான் டாய்லி நெளிந்தால் உடனே ஊசியை மாற்றிப் பார்ப்பது அவ்வளவாகப் பலன் தருவதில்லை. ஊசி மாறினால் அகலமும் உயரமும் சேர்ந்தே மாறும், விகிதம் அப்படியே நிற்கும். மாற்ற வேண்டியது அந்த முதல் கண்ணியைத் தூக்கும் அளவை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் பின்னலை பிரிட்டிஷ் பேட்டர்ன்கள் டபுள் என்று எழுதும். அமெரிக்க டபுள், பிரிட்டனில் ட்ரெபிள். நமக்குக் கிடைக்கும் பழைய புத்தகங்களிலும் இன்றைய வீடியோக்களிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. பிரிட்டிஷ் முறையில் பழகியவர் அமெரிக்கப் பேட்டர்னைப் போட்டால், உயரமான பின்னலுக்கென்று கணக்கிட்ட பன்னிரண்டு கூட்டலைக் குட்டைப் பின்னலில் போடுகிறார். மூன்றாம் சுற்றிலேயே ஓரம் சுருள்கிறது. அமெரிக்க முறையில் பழகியவர் பிரிட்டிஷ் பேட்டர்னைப் போட்டால் கிண்ணம். ஆகவே தொடக்கத்திலேயே கோணினால் கையைச் சந்தேகிக்கும் முன் பேட்டர்ன் எந்த நாட்டுக் கணக்கு என்று பாருங்கள். என்னைக் கேட்டால், படக்குறியீடு உள்ள பேட்டர்னைத் தேடி எடுப்பதே நல்லது. சிலுவைக்குறி குட்டைப் பின்னல்; ஆங்கில ‘டி’ போன்ற குறியில் ஒரு குறுக்குக்கோடு இருந்தால் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றித் தொடங்க வேண்டும், இரண்டு கோடு இருந்தால் இருமுறை. அதில் மொழிக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அன்னாசி டிசைன் இவ்வளவு பேரைத் தடுமாற வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அன்னாசியின் அடியில் ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு உயரமான பின்னல்கள் விசிறியாக விரியும். அதற்கு மேல் சங்கிலி வளைவுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளைவு குறையும். கடைசியில் ஒன்றே மிஞ்சி முனையாகும். அதாவது டாய்லி விரிந்துகொண்டே போக வேண்டிய நேரத்தில் அன்னாசி சுருங்கிக்கொண்டே போகிறது. அந்த இழப்பையும் ஈடுகட்டி, வட்டத்துக்கு வேண்டிய வளர்ச்சியையும் தருவது இரண்டு அன்னாசிகளுக்கு நடுவே வரும் சங்கிலிகளும், ஒரே இடத்தில் சில பின்னல்களைச் சேர்த்துப் போடும் சிப்பிகளும்தான். விசிறி விரியும் சுற்றில் ஒரே அடியாகக் கூட்டல் நடப்பதால் அங்கே ஓரம் கொஞ்சம் நெளிவது இயல்பு. அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளில் அது தானாக இழுபட்டுப் படியும். அந்த நெளிவைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடுகிறவர்கள் நிறைய. அன்னாசி குறையத் தொடங்கி இரண்டு மூன்று சுற்று ஆன பிறகும் நெளிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கூட்டலை வேண்டுமென்றே அளவு மீறிச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணிதப் பேராசிரியர் செய்து காட்டினார். ஒவ்வொரு பின்னலிலும் இரண்டு போட்டால் 6, 12, 24, 48, 96 என்று எண்ணிக்கை பெருகும். தட்டை வட்டத்துக்கு ஐந்தாம் சுற்றில் வேண்டியது 30தான். மாறாத விகிதத்தில் இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் சுருள் பரப்பு, ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் வரும் என்ற யூக்ளிடின் விதி செல்லாத அதிபரவளைய வடிவியலின் தளம். காகிதத்தில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோயின. லாட்வியாவில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா டைமினா, 1997இல் இதைக் குரோஷாவில் போட்டார். மாணவர்கள் கையில் எடுத்து மடக்கி, நேர்கோடு தைத்துப் பார்க்க முடிந்தது. நாம் பிழை என்று நினைக்கும் நெளிவுக்கு இப்படி ஒரு மதிப்பு!

சரி, ஐந்தாம் சுற்றில் ஒரு கூட்டல் விட்டுப்போனது பதினைந்தாம் சுற்றில் தெரிந்தால்? நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் திறந்து கிடக்கும்; பிழையான கண்ணியை மட்டும் கீழே நழுவவிட்டுத் திரும்ப ஏற்றலாம். குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. மற்றதெல்லாம் மூடி முடிந்தவை, ஒன்றின் தலைமேல் ஒன்று கட்டப்பட்டவை. நடுவில் புகுந்து திருத்த முடியாது, அதுவரை உருவித்தான் ஆக வேண்டும். ஆந்திராவின் நரசாபுரத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கையாலேயே இந்த லேஸைப் போடுவதற்கும் இந்த அமைப்பே காரணம். முன்பு போட்ட வேலையின் எந்தத் துளையிலும் ஊசி நுழையலாம் என்ற சுதந்திரத்தை இயந்திரத்தால் தொழில்முறையில் பிடிக்க முடியவில்லை. கடையில் இயந்திரக் குரோஷே என்று விற்பது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும் நூல்களை ஒன்றோடொன்று கோத்து இயந்திரம் பின்னும் வார்ப் நிட்டிங் வகைத் துணி.

கம்பளி நூலில் நன்றாகப் போடுகிறவர்களும் பருத்தி நூலுக்கு வந்ததும் திணறுவார்கள். கம்பளி இழை இயற்கையிலேயே சுருண்டது, இழுத்தால் நீண்டு மீளும். முன்னே பின்னே இருக்கும் கண்ணிகளை அது தானாகச் சமன்செய்துவிடும். குரோஷா நூல் மெர்சரைஸ் செய்த பருத்தி. 1844 வாக்கில் ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தபோது, முறுக்கிய நாடாபோல் தட்டையாக இருந்த இழை உப்பி உருண்டது. 1890இல் ஹொரேஸ் லோ அதை இழுத்துப் பிடித்தபடி செய்ததும் பளபளப்பு வந்தது. அந்த வழவழப்புதான் லேஸுக்கு அழகு. அதே வழவழப்பும் நீளாத தன்மையும் கையின் ஒவ்வொரு ஏற்றத்தாழ்வையும் அப்படியே பதிவுசெய்துவிடுகின்றன. எண் ஏற ஏற நூல் மெலியும். 10ஆம் எண்ணில் இரண்டு டாய்லி போட்டுக் கை பழகிய பிறகு 20, 40 பக்கம் போவது நல்லது. அதுவும் வெளிர்நிற நூலாக, மடியில் கறுப்புத் துணி விரித்து.

அளவான நெளிவைக் கடைசியில் தண்ணீர் சரிசெய்யும். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளைப் பக்கம் பக்கமாகப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நனைந்ததும் தண்ணீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அவற்றைத் தளர்த்தும். காயும்போது அந்தந்த நேரத்து வடிவத்திலேயே பிணைப்புகள் மறுபடி உருவாகும். ஈரத்தில் பருத்தியின் வலு குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். அதனால் தாராளமாக இழுக்கலாம். கஞ்சியில் முக்கிப் பிழிந்து, தடிமனான தெர்மாகோல் மேல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, எதிரெதிர் முனைகளைச் சமமாக இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். ஸ்டார்ச் இழைகளுக்கிடையே படலமாக உலர்ந்து வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி வளைவுகள் தொய்வு நீங்கிக் கட்டம் கட்டமாகத் திறக்கும். முழுக்கக் காயாமல் ஊசியை எடுக்கக் கூடாது. ஓரத்தில் பல சென்டிமீட்டர் மிஞ்சியிருந்தால் மட்டும் எந்தக் கஞ்சியும் உதவாது. ஒரு பின்னலின் உயரத்தை அளந்து, 6.28ஆல் பெருக்கி, அகலத்தால் வகுத்து, வரும் எண்ணைப் பேட்டர்னின் கூட்டலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உருவத் தொடங்குங்கள்.