பக்கவாதம் வந்தவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார்?

"நேத்து சொல்லிக் கொடுத்த பயிற்சியே இன்னைக்கு ஞாபகம் இல்லை சார்" என்று வீட்டார் சொன்னால், நான் அடுத்துக் கேட்பது ராத்திரித் தூக்கத்தைப் பற்றித்தான். கம்பத்தில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். வருபவர்களில் பலர் குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களில் உழைத்தவர்கள். கோட்டயத்தில் வைத்தியம் முடிந்து, சொந்த ஊருக்கு இறங்கி வந்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிரஷர், சுகர், மாத்திரை எல்லாம் இருக்கும். தூக்கம் பற்றி ஒரு வரி இருப்பது அபூர்வம்.

கேட்டால், "தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை, படுத்தா குறட்டைதான்" என்பார்கள். அந்தக் குறட்டையைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவரின் மனைவி அதை செல்போனில் பிடித்து வந்து காட்டினார். பலத்த குறட்டை, சட்டென்று அமைதி. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. அப்புறம் திணறலோடு ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை. பகலில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார். சட்டை போடும்போது பக்கவாதத்தில் விழுந்த கையை முதலில் நுழைக்கச் சொல்லித் தருவோம். அது அவருக்கு ஒவ்வொரு நாளும் புதுப்பாடம்.

இது தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடியாவது மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 15 தடைக்கு மேல் போனால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. ஒவ்வொரு தடையிலும் ஆக்சிஜன் குறைகிறது, பிரஷர் ஏறுகிறது, மூளை அரைகுறையாக விழிக்கிறது. பகலில் கற்றது மூளையில் பதிவதற்கு நல்ல தூக்கம் வேண்டும். அது கலைந்துகொண்டே இருந்தால் பயிற்சி எப்படி நிற்கும்?

எல்லா மறதிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்தே மறதியும் பகல் தூக்கமும் வரலாம். மனச்சோர்வும் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் சரியானால் நினைவு முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. ஆனால் சரிசெய்யக்கூடிய ஒன்றை, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். உறுதியானால், காற்றழுத்தம் தரும் சிபாப் முகமூடி இருக்கிறது. மல்லாந்து படுத்தால் தடை கூடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, விழுந்த கைக்குத் தலையணை கொடுங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பகலில் திண்ணை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது: மூச்சுத்தடையும் குழப்பமும் கூடும், ராத்திரி எழும்போது விழுவார்கள். "ஒரு கட்டிங் போட்டா தூங்கிடுவார்" என்பதும் அதே ஆபத்துதான்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். கேரளப் பக்கம் ஆஷா பணியாளர்கள், படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து கவனிக்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்சுகள் வருகிறார்கள். பிரஷர் பார்க்கும்போதே ராத்திரி நடப்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. நன்றாக இருந்தவர் திடீரென்று மயங்கியதுபோல் தூங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது மறுபடி வரும் பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், மலையிலிருந்து இறங்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்சுக்கு 108தான்.